கல்லில் ஒட்டிய சிவப்பு: மண்ணா, காவியா? புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் ஊரில் சிவப்புக்குப் பஞ்சம் இல்லை. கோப்பாய், உரும்பிராய், இணுவில் பக்கம் ஒரு தோட்டத்துக்குள் இறங்கி ஏறினால் செருப்பு, காற்சட்டை விளிம்பு, சைக்கிள் மட்கார்ட் எல்லாம் செம்பாட்டு நிறம். வெள்ளை வேட்டியோடு போய் வந்தவரின் கதையை உடுப்புத் தோய்க்கிறவரிடம்தான் கேட்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு, பழைய கல்லாயுதம் ஒன்றின் விளிம்பில் இரண்டு மில்லிமீற்றர் சிவப்பைக் கண்டவுடன் "ஆதி மனிதன் வர்ணம் அரைத்திருக்கிறான்" என்று எழுதிவிட முடியாது. மண்ணே சிவப்பாக இருக்கும்போது காவியை எப்படிப் பிரித்தறிவது? இந்தத் துறைக்குள் புதிதாக வரும் தொல்லியல் மாணவர்களுக்கும், இரசாயனவியல் பக்கம் இருந்து எட்டிப் பார்ப்பவர்களுக்கும், நூதனசாலையில் பழைய பெட்டிகளைத் திறக்கக் கொடுத்துவைத்தவர்களுக்கும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு பின்னணி. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்க மயோசீன் என்ற மிகப் பழைய நிலவியல் காலத்துச் சுண்ணக்கல். கல்லாயுதம் செய்யத் தக்க, கையில் அடங்கும் குவார்ட்ஸ் (கடினமான படிகக் கல்) கட்டி இந்த மண்ணில் விளைவதில்லை. அதனால் குடாநாட்டிலோ தீவுகளிலோ குவார்ட்ஸ் சில்லு (ஆயுதம் செய்யத் தட்டி எடுத்த துண்டு) ஒன்று கிடைத்தால், யாரோ அதை வன்னிப் பக்கத்தில் இருந்து சுமந்து வந்திருக்க வேண்டும். தீவுப் பகுதியில் உள்ள வேலணையில் அண்மைய ஆண்டுகளில் நடந்த அகழ்வில் சிப்பிகளோடு கல்லாயுதங்களும் வெளிவந்தது இதனால்தான் பெரிய செய்தி. வன்னியில் நிலைமை வேறு. இரணைமடுப் படிவு என்று நிலவியலாளர் சொல்வது, கீழே சரளையும் மேலே செம்மணலுமாகக் கிடக்கும் அடுக்கு. கல்லாயுதங்கள் அந்தச் சரளையில் வருகின்றன. அதாவது அங்கேயும் மேலே சிவப்பு. தப்ப வழியில்லை.

எதைத் தேடுகிறோம்?

காவி என்பது இரும்புக் கனிமம் நிறைந்த மண் அல்லது மென்கல். சிவப்புக்குக் காரணம் ஹேமடைட். மஞ்சளுக்குக் காரணம் கோதைட். கோதைட்டை 250 முதல் 300 பாகை செல்சியசு வரை சூடாக்கினால் அதனுள் இருக்கும் நீர் வெளியேறி அது ஹேமடைட்டாக மாறும், மஞ்சள் சிவப்பாகும். கறுப்பு என்றால் பெரும்பாலும் கரி அல்லது மங்கனீசு ஒட்சைட்டு. வெள்ளைக்குக் களியும் சுண்ணாம்பும்.

நீலம் மிக அரிது. ஜேர்மனியில் மியூல்ஹைம்-டீட்டஸ்ஹைம் என்ற இடத்தில் பல பத்தாண்டுகளுக்கு முன் தோண்டியெடுத்த, சற்றுக் குழிந்த கல் ஒன்றை நீண்ட காலமாக விளக்கு என்று நினைத்து வைத்திருந்தார்கள். அதில் இருந்த சின்னஞ்சிறு நீலத் தடயம் அசுரைட் என்ற செப்புக் கனிமம் என்று 2025 இல் வெளியான ஆய்வு காட்டியது. வயது ஏறத்தாழ 13,000 ஆண்டுகள். புதிய அகழ்வு எதுவும் தேவைப்படவில்லை. பெட்டிக்குள் இருந்ததை மறுபடி பார்த்தார்கள், அவ்வளவுதான். நூதனசாலைத் தொண்டர்கள் இதைக் கவனிக்கவும்.

சரி, சிக்கல் எங்கே? எங்கள் செம்பாட்டு மண்ணின் சிவப்பும் அதே ஹேமடைட்டும் கோதைட்டும்தான். "இதில் ஹேமடைட் இருக்கிறது" என்று எவ்வளவு விலையுயர்ந்த கருவி சொன்னாலும் அது விடையில் பாதிகூட இல்லை. எங்கே ஒட்டியிருக்கிறது, எப்படி ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் கிடந்த மற்றக் கற்களில் இருக்கிறதா என்பதில்தான் மீதி விடை இருக்கிறது.

அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். என் அம்மம்மா செத்தல் மிளகாய் அரைத்த அம்மியை எவ்வளவு கழுவினாலும் நடுப்பகுதியின் பொளிவுக் குழிகளுக்குள் சிவப்பு நிற்கும். குழிகளுக்கு இடையே உயர்ந்து நிற்கும் வழவழப்பான பகுதி துப்பரவாக இருக்கும். ஓரத்தில், கை படாத இடத்தில் மிளகாயே இருக்காது. அதே அம்மியைச் செம்மண்ணில் போட்டு ஒரு மாரி கழித்து எடுத்துப் பார்த்தால் மேல், கீழ், ஓரம் என்று வேறுபாடு இல்லாமல் எங்கும் சிவந்திருக்கும். வேலையால் வந்த நிறத்துக்கு ஓர் எல்லையும் ஒரு திசையும் உண்டு. மண்ணால் வந்த நிறத்துக்கு அவை கிடையாது. ஆய்வுகூடத்தில் செய்வதெல்லாம் இந்த அம்மிக் கதையின் விரிவு.

படி ஒன்று: தோண்டாதீர்கள், கழுவாதீர்கள்

இலங்கையில் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். தோட்டத்திலோ கிணறு வெட்டும்போதோ ஏதும் அகப்பட்டால் இருந்த இடத்திலேயே படம் எடுத்து, தொல்லியல் திணைக்களத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ அறிவியுங்கள். எடுத்து வீட்டு அலுமாரியில் வைத்த கல் எந்த ஆழத்தில், எந்த மண்ணில் கிடந்தது என்பது தெரியாமல் போய்விடும். அது தெரியாத கல்லில் நிறத் தடயம் பார்ப்பது வீண் வேலை.

அடுத்தது கழுவல். இதில் என் சொந்தத் தவறைச் சொல்லியாக வேண்டும். பயிற்சிக் காலத்தில் ஒரு தட்டு நிறையக் குவார்ட்ஸ் சில்லுகளைத் தந்து துப்பரவாக்கச் சொன்னார்கள். நானும் வாளியில் கிணற்றுத் தண்ணீர் அள்ளி, பல்தூரிகையால் வடிவாகத் தேய்த்து, வெயிலில் காயவைத்தேன். ஒரு சில்லின் முதுகுப் பக்கம் அடர்ந்த சிவப்புப் பட்டை ஒன்று இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம். காய்ந்த பிறகு பட்டையைக் காணோம். அதற்குப் பதிலாக எல்லாச் சில்லுகளிலும் மெல்லிய வெள்ளைப் படலம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது. கேத்தலின் அடியில் படிகிற அதே கல்சியம் காபனேற்று கல்லாயுதத்திலும் படியும். பழைய தடயத்தை அழித்ததோடு புதிய தடயம் ஒன்றையும் நானே சேர்த்துவைத்தேன்.

ஆகவே கல்லை மண்ணோடு எடுங்கள். தளர்ந்த மண்ணை உலர்ந்த மென்தூரிகையால் ஒரு தாளில் விழ வைத்து, அந்த மண்ணையும் தனிப் பையில் போடுங்கள். தண்ணீர் கட்டாயம் தேவை என்றால் அயன் நீக்கிய தண்ணீர்; அதுவும் நுணுக்குக்காட்டியின் கீழே, துளித்துளியாக, தடயம் இல்லாத மூலையில் தொடங்கி. சவர்க்காரம், அமிலம், பல்தூரிகை மூன்றையும் மறந்துவிடுங்கள்.

கையுறை போடுங்கள். மாப்பொருள் தூவாத நைத்திரைல் கையுறை நல்லது. எங்கள் ஊருக்கு என்று ஒரு தனி எச்சரிக்கையும் உண்டு: நெற்றியில் திருநீறு, சந்தனம், குங்குமம். வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போய்விட்டு நேரே ஆய்வுகூடத்துக்கு வருகிறோம். நெற்றியைத் தொட்ட விரல் கல்லையும் தொடும். குங்குமம் சிவப்பு, அதில் மஞ்சள் தூள் இருந்தால், பின்னால் சொல்லப்போகும் இராமன் கருவியின் லேசர் பட்டதும் பதிவையே மூடிவிடும் அளவுக்கு ஒளிரும். திருநீற்றில் கல்சியமும் பொசுபேற்றும் வரும். யாரையும் அழிக்கச் சொல்லவில்லை. கையைக் கழுவி, கையுறை போட்டு, பிறகு முகத்தைத் தொடாமல் இருந்தால் போதும்.

இரும்பும் கெட்டது. உருக்குச் சுரண்டி, மண்வெட்டி, வேர்ணியர் இடுக்கி இவை குவார்ட்ஸில் உரசினால் சாம்பல் நிறக் கோடு விழும். குவார்ட்ஸ் உருக்கைவிடக் கடினமானது, அதனால் கல் கீறப்படாது. உருக்குத்தான் தேய்ந்து கல்லில் ஒட்டும். சில மாதங்களில் அந்தக் கோடு துருப்பிடித்துச் செம்பழுப்பாகும். பிறகு யாராவது அதைப் பார்த்து மகிழ்வார்கள். அளக்கப் பிளாஸ்ரிக் இடுக்கி வாங்குங்கள்.

படி இரண்டு: மண்ணையும் சும்மா கிடந்த கல்லையும் எடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். ஆயுதம் கிடந்த அடுக்கின் மண்ணில் ஒரு சிறங்கை, மேல் அடுக்கில் ஒன்று, கீழ் அடுக்கில் ஒன்று. அதோடு அதே அடுக்கில் கிடந்த, மனிதக் கை படாத இயற்கைக் கூழாங்கற்கள் ஒரு பத்து. ஆயுதத்துக்கு என்னென்ன செய்கிறீர்களோ அத்தனையையும் இந்தக் கூழாங்கற்களுக்கும் செய்யுங்கள்.

ஏன் என்றால், ஐம்பது சில்லுகளும் பத்துக் கூழாங்கற்களும் ஒரே மாதிரிச் சிவந்திருந்தால் அது மண். ஐம்பதில் மூன்று மட்டும், அதுவும் ஒரே பக்கத்தில் சிவந்து, கூழாங்கற்கள் வெறுமையாக இருந்தால் உட்கார்ந்து பார்க்கலாம். மாணவி ஒருவர் ஒருமுறை என்னிடம், "சேர், ஆயுதத்தை ஆராயத்தானே வந்தோம், ஏன் இந்தக் கூழாங்கல்லைப் படம் எடுத்துக்கொண்டு இருக்கிறோம்?" என்று கேட்டார். மூன்றாம் நாள் அவரே கூழாங்கல் ஒன்றைக் கொண்டுவந்து, "இதிலேயும் அதே சிவப்பு இருக்கு சேர்" என்றார். குரலில் ஏமாற்றம். எனக்கோ பெரிய நிம்மதி, கட்டுரை எழுதி அனுப்புவதற்கு முன்னரே தெரிந்ததே என்று.

படி மூன்று: பார்த்தல்

பத்து மடங்கு கைவில்லையும் கைபேசி வெளிச்சமும் போதும், தொடங்குவதற்கு. வெளிச்சத்தை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில், தரையோடு சாய்த்து அடியுங்கள். மேடு பள்ளம் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். பிறகு இருபது முதல் ஐம்பது மடங்கு வரை நுணுக்குக்காட்டி. அதற்கும் மேலே நூறு, இருநூறு என்று போக உலோகவியல் நுணுக்குக்காட்டி வேண்டும்.

குவார்ட்ஸில் ஒரு பொல்லாத வேலை இருக்கிறது. அது பாதி ஒளி கடத்தும் கல். உள்ளே ஒரு வெடிப்பில் இரும்புக் கறை இருந்தால் மேற்பரப்பில் பூசியது போலத் தெரியும். கல்லைச் சற்றுத் திருப்பி, குவியத்தை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். மேற்பரப்பின் கீறல்கள் தெளிவாகத் தெரியும்போது சிவப்பும் தெளிவாகத் தெரிந்தால் அது மேலே இருக்கிறது. கீறல்கள் மங்கிய பிறகு சிவப்புத் தெளிந்தால் அது உள்ளே. நான் முதலாம் வருடம் "காவி" என்று குறித்த ஏழு இடங்களில் நான்கு உள்ளே இருந்தவை.

கறுப்புக்கும் இப்படி ஒரு பொறி உண்டு. மங்கனீசு தானாகவே கல்லில் படியும். பன்னத்தின் இலை போலக் கிளை கிளையாகப் பிரியும். அது இயற்கையின் கைவேலை.

பார்த்ததை எழுதும்போது "சிவப்புத் தடயம்" என்று மட்டும் எழுதாதீர்கள். தூளாக இருக்கிறதா, படலமாக இருக்கிறதா, அழுத்தப்பட்டு மினுங்குகிறதா? கீறல்களுக்குள் போயிருக்கிறதா, கீறல்கள் அதன் மேலே ஓடுகின்றனவா? கோடுகள் விளிம்புக்குக் குறுக்கே போகின்றனவா, விளிம்போடு ஓடுகின்றனவா? எல்லை மங்கலா, கத்தியால் வெட்டியது போலவா? நிறத்துக்கு மன்செல் வர்ண அட்டையை (மண்ணின் நிறத்தை ஒப்பிட்டுக் குறியீடு எழுதும் அட்டை) பயன்படுத்துங்கள், உலர்ந்த நிலையில். நனைந்தால் எல்லாம் ஒரு படி கறுக்கும்.

அப்புறம் வரைபடம். கல்லின் இரு பக்கத்தையும் தாளில் வரைந்து, மெல்லிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் தடயம் உண்டா இல்லையா என்று நிரப்புங்கள். இல்லாத கட்டத்தையும் "இல்லை" என்று எழுத வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் தென்னாபிரிக்காவின் சிபுடு குகையில் கிடைத்த, 60,000 ஆண்டுகளுக்கும் முந்தைய சில்லுகளில் காவி எங்கே ஒட்டியிருக்கிறது என்று தொல்லியலாளர் லின் வாட்லி குழுவினர் இப்படிப் பொறுமையாகக் கணக்கெடுத்தபோதுதான், அது வெட்டும் விளிம்பில் இல்லாமல் மழுங்கலாக்கப்பட்ட முதுகுப் பக்கத்தில் திரண்டிருப்பது தெரிந்தது. பிடி பொருத்தும் இடம் அது. காவி அங்கே பசையின் ஒரு பகுதி. தனியே மரப் பிசின் என்றால் காய்ந்து உடையும், ஈரத்தில் இளகும். காவித்தூள் கலந்தால் உறுதியாகும் என்பதைச் செய்து பார்த்தும் காட்டினார்கள். நிறம் என்றால் ஓவியம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது நல்ல பாடம்.

படி நான்கு: நீங்களே செய்து பாருங்கள்

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இது. யாருடைய அனுமதியும் தேவையில்லை, செலவும் குறைவு. கட்டட வேலைக்கு வன்னியில் இருந்து வரும் சல்லிக் குவியலில் வெள்ளைக் குவார்ட்ஸ் துண்டுகள் பொறுக்கலாம். கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, திறந்த வெளியில், இன்னொரு கல்லால் தட்டிச் சில்லு எடுங்கள். குவார்ட்ஸ் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

காவிக்கு இயற்கைக் காவிக்கல்லே வேண்டும். கடையில் சீமெந்துத் தரைக்கு விற்கும் சிவப்பு ஒட்சைட்டு தொழிற்சாலையில் செய்தது. துகள்கள் எல்லாம் ஒரே அளவில், களியோ மணலோ கலக்காமல் இருக்கும். ஒப்பீட்டுக்கு அதிலும் ஒரு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் கோயில் மதில் பூசியவர் கையால் வந்த நவீன சிவப்பும் ஒருநாள் உங்கள் தட்டில் வந்து நிற்கும்.

ஐந்து தொகுதி செய்யுங்கள். ஒன்றில் காவியை அரையுங்கள். இன்னொன்றில் காவிக்கட்டியைச் சில்லின் விளிம்பால் சுரண்டுங்கள். மூன்றாவதில் வேலம்பிசினில் காவித்தூள் கலந்து சில்லைத் தடியில் ஒட்டி, காய்ந்த பிறகு ஏதாவது வெட்டிவிட்டுக் கழற்றுங்கள். நான்காவதில் காவி பூசிய தோலை அல்லது மரத்தை வெட்டுங்கள். ஐந்தாவது தொகுதியை ஒன்றுமே செய்யாமல், செம்பாட்டுத் தோட்டத்தில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து ஐப்பசி முதல் தை வரை மழையில் விடுங்கள். முதல் நான்கில் இருந்தும் பாதியைப் பக்கத்திலேயே புதையுங்கள்.

நான் செய்து கண்டது: அரைத்த கல்லில் குழிகளில் தூள் இறுகி, மேடுகள் வெறுமை. சுரண்டிய சில்லில் விளிம்பை ஒட்டி இரண்டு மூன்று மில்லிமீற்றர் பட்டை, கோடுகள் விளிம்புக்குக் குறுக்கே. ஒட்டிய சில்லில் முதுகுப் பக்கம், பிடி நின்ற இடத்தில் திடீரென்று முடிகிற எல்லை. புதைத்த வெறும் சில்லில் எங்கும் மெல்லிய சிவப்பு, பள்ளங்களில் சற்றுத் தடிப்பு, தூரிகை பட்டாலே பாதி உதிர்கிறது. நான்கு மாத மழையில் அரைத்த கற்களின் காவி கணிசமாகப் போய்விட்டது. பிசினோடு ஒட்டியது நின்றது. ஆக, தடயம் இல்லை என்பதால் வேலை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது.

தென்னாபிரிக்காவின் புளம்பொஸ் குகையில் கிடைத்த, 73,000 ஆண்டுகளுக்கு முந்தைய சின்னக் கல் சில்லில் ஆறு சிவப்புக் கோடுகளும் அவற்றைக் குறுக்காக வெட்டும் மூன்று கோடுகளும் இருக்கின்றன. அவை காவிக் கட்டியின் முனையால் இழுத்தவை என்று சொல்வதற்கும் இதே வழிதான்: ஆய்வாளர்கள் தாங்களே அந்த மாதிரிக் கோடுகளைப் பல விதமாக வரைந்து, நுணுக்குக்காட்டியில் அருகருகே வைத்துப் பார்த்தார்கள்.

ஒரு வேண்டுகோள்: நீங்கள் உடைத்த சில்லுகள் ஒவ்வொன்றிலும் அழியாத மையால் ஆண்டும் இலக்கமும் எழுதுங்கள். மிச்சத்தை வளவில் எறியாதீர்கள். இல்லாவிட்டால் உங்கள் பேரப்பிள்ளை அதைத் தொல்பொருள் என்று கண்டுபிடிப்பான்.

படி ஐந்து: கருவிகள்

கல்லைத் தொடாத கருவி முதலில், மாதிரி எடுக்கும் கருவி கடைசியில். இந்த ஒழுங்கை யார் அவசரப்படுத்தினாலும் மாற்றாதீர்கள்.

கையில் பிடிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவிதான் எல்லோருக்கும் முதலில் கிடைப்பது. எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினால் ஒவ்வொரு மூலகமும் தன் சொந்தச் சக்தியில் கதிரைத் திருப்பி அனுப்பும்: இரும்பு 6.4 கிலோ இலத்திரன்வோல்ற், மங்கனீசு 5.9, செம்பு 8.05. அது மூலகத்தைச் சொல்லும், சேர்வையைச் சொல்லாது. ஹேமடைட்டும் கோதைட்டும் துருவும் செம்மண்ணும் அதற்கு எல்லாம் "இரும்பு". கரியைக் காணவே காணாது. கதிர் படும் வட்டமும் பல மில்லிமீற்றர் அகலம்; உங்கள் தடயம் அதைவிடச் சிறியது என்றால் பக்கத்துக் கல்லும் சேர்ந்தே அளக்கப்படும். ஆகவே தடயத்தில் மூன்று தடவை, பக்கத்து வெறும் கல்லில் மூன்று தடவை, மண்ணில் மூன்று தடவை. பிறகு இரும்பை மட்டும் பார்க்காமல் இரும்புக்கும் தைத்தேனியத்துக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். மண்ணில் இரண்டும் ஒரு நிலையான அளவில் சேர்ந்து வரும். தடயத்தில் இரும்பு மட்டும் எகிறி, தைத்தேனியம் அப்படியே இருந்தால், அது அந்த மண்ணில் இருந்து வந்த சிவப்பாக இருக்க வாய்ப்புக் குறைவு. தைத்தேனியம் மட்டும் எகிறினால் யாரோ இலக்கம் எழுத, தைத்தேனியம் கலந்த வெள்ளைப் பூச்சுப் பூசியிருக்கலாம்.

அடுத்து இராமன் நிறமாலை. திருச்சியில் பிறந்த சி. வி. இராமன் 1928 இல் கண்ட அதே விளைவு. லேசர் ஒளியைப் பாய்ச்சினால் கிட்டத்தட்ட எல்லா ஒளியும் அதே நிறத்தில் சிதறும். மிக மிகச் சிறு பங்கு மட்டும் நிறம் மாறி வரும். அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறு. ஹேமடைட்டுக்கு 225, 292, 411 அலைவெண்களை (ஒரு சென்ரிமீற்றருக்கு இத்தனை அலை என்ற அளவு) ஒட்டி உச்சிகள். கோதைட்டுக்கு 385 இல் வலுவான ஒன்று. கரிக்கு 1350 உம் 1590 உம் அகலமாக. கறுப்புத் தடயத்தில் 960 இல் ஓர் உச்சி சேர்ந்து வந்தால் சுட்ட எலும்பை நினையுங்கள். சில மைக்ரோமீற்றர் அகலப் புள்ளியைத் தனியே அளக்கலாம் என்பது இதன் பெரும் பலம்.

இதன் பெரும் ஆபத்து லேசரின் சூடு. மஞ்சள் கோதைட்டைக் கூடுதல் வலுவில் சுட்டால் உங்கள் கண் முன்னாலேயே ஹேமடைட்டாகிவிடும். பிறகு "சிவப்புக் காவி" என்று பதிவு வரும். அதைச் செய்தது நீங்கள். ஒரு மில்லிவாற்றுக்குக் கீழே தொடங்கி, ஒரே புள்ளியை இரண்டு தடவை அளந்து, உச்சி நகர்ந்ததா என்று பாருங்கள்.

இலத்திரன் நுணுக்குக்காட்டி துகளின் உருவத்தையும் மூலகத்தையும் ஒருசேரக் காட்டும். ஒரு விஷயம் மட்டும்: குவார்ட்ஸ் மின் கடத்தாது, அதனால் தங்கம் பூசலாமா என்று இயக்குபவர் கேட்பார். வேண்டாம் என்று சொல்லி, தாழ் வெற்றிட முறையில் பார்க்கச் சொல்லுங்கள். பூசிய தங்கம் கல்லை விட்டுப் போகாது.

பிணைப்புப் பொருள், அதாவது பிசின், கொழுப்பு, பால் போன்றவை வேண்டுமா என்றால் மாதிரி சுரண்டி எடுத்துக் கரைக்க வேண்டிவரும். சிபுடுவில் 49,000 ஆண்டுகளுக்கு முந்தைய சில்லு ஒன்றில் காவியோடு பால் புரதம் கலந்திருந்தது 2015 இல் வெளியானது, ஆசைப்படத்தான் தோன்றும். ஆனால் எங்கள் வெப்பத்திலும் மழையிலும் செம்மண்ணில் கிடந்த கல்லில் புரதம் தப்பியிருக்கும் என்று எதிர்பார்த்துத் தடயத்தில் பாதியைச் செலவழிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

மாதிரியை வேறிடத்துக்கு அனுப்பும்போது கேள்வியையும் எழுதி அனுப்புங்கள். ஒருமுறை ஓர் ஆய்வுகூடத்துக்கு மூன்று சில்லு அனுப்பி, இரண்டு மாதம் காத்திருந்து, பணமும் கட்டி, கிடைத்த அறிக்கை ஒரே வரி: "இரும்பு உண்டு." எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பிறகு யோசித்துப் பார்த்தால், நான் எழுதிய கடிதத்தில் இருந்ததும் ஒரே வரிதான்: "சிவப்பைப் பரிசோதிக்கவும்."

படி ஆறு: எழுதுதல்

"இச்சில்லின் முதுகு விளிம்பில், 4 க்கு 2 மில்லிமீற்றர் பரப்பில், தெளிவான எல்லையோடு ஹேமடைட் படலம் உண்டு. இரும்பு-தைத்தேனிய விகிதம் சூழ்ந்த மண்ணில் இருந்து வேறுபடுகிறது. கூழாங்கற்கள் பத்திலும் இல்லை. பரிசோதனைத் தொகுதியில் பிசினோடு ஒட்டிய சில்லுகளை ஒத்திருக்கிறது." இந்த அளவில் எழுதினால் யாரும் உங்களைப் பிடிக்க முடியாது. "ஆதித் தமிழரின் ஓவியக்கலை" என்று தலைப்புப் போட்டால் அடுத்த வாரமே செம்பாட்டு மண் ஒரு சிறங்கையோடு யாராவது வந்து நிற்பார்கள்.

இலங்கையில் காவி இல்லாமலும் இல்லை. தெற்கே பாஹியன் குகையில் 48,000 ஆண்டுகள் வரை பழைமையான மனித வாழ்வின் அடுக்குகளில் சிவப்பு, மஞ்சள், வெள்ளி நிறக் காவி மணிகளும் எலும்பு அம்புமுனைகளும் கிடைத்திருப்பதாக 2020 இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆகவே வடக்கில் தேடுவது வீண் ஆசை என்று நினைக்க வேண்டாம். அங்கே குகை, கூரை மழையைத் தடுத்தது. எங்களுக்குத் திறந்த வெளி. தப்பி நிற்கும் தடயம் மிகச் சிறிதாகத்தான் இருக்கும்.

ஆய்வு முடிந்ததும் கல்லை அமிலமற்ற தாளில் சுற்றி, தடயம் உள்ள பக்கம் எதிலும் உரசாதபடி பெட்டியில் வையுங்கள். பஞ்சு வேண்டாம், நூல் சிக்கும். இலக்கத்தைப் பெட்டியில் எழுதுங்கள், கல்லில் எழுதாதீர்கள். மண் பை, கூழாங்கல் பை, வரைபடம், எந்தப் புள்ளியில் எந்தக் கருவி எந்த வலுவில் பட்டது என்ற குறிப்பு எல்லாம் அதே பெட்டிக்குள். தடயத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை யாரும், நீங்கள் உட்பட, தொடாமல் விட்டு, வரைபடத்தில் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு "தொடவில்லை" என்று எழுதி, திகதியும் போட்டு மூடுங்கள்.